பெயர் தெரியாத சாமான்களும் மாமாவின் கோபமும்

ஜூன் 3

இளைய மருமகள் அவர்களுக்கு,

மூத்த மருமகள் எழுதுவது. தாங்கள் கேட்ட சாமான்களை இந்தப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். கறுப்பு ரப்பர் வட்டம் நாற்பது, தொட்டிப் பந்து ஆறு, பீரோ காந்தம் இருபது. சரிபார்த்துக்கொள்ளவும்.

தங்கள் பட்டியலில் இருந்த பெயர்கள் வேறு. அவை எனக்குத் தெரியாது. அதைத்தான் தாங்கள் வீடு மாறிப் போன அன்று, வாசலில் லாரி நிற்க, மாமா, என் வீட்டுக்காரர், லாரி டிரைவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டீர்களே. "அக்கா இருபத்திரண்டு வருஷமா கல்லாவுல உட்கார்ந்திருக்காங்க, ஒரு சாமான் பேருகூடத் தெரியாது!" டிரைவர் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் எனக்குத் தெரிந்தபடி எடுத்து வைத்திருக்கிறேன். தப்பாக இருந்தால் திருப்பி அனுப்பலாம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் ஹார்டுவேர் கடையின் போன் மாமாவின் காதுக்கு அரை முழம் தள்ளித்தான் இருக்கிறது. என் செல்போனை எடுத்தாலும் "யாரும்மா அது?" என்பார். நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டாம். இனிமேலும் ஏதாவது சொல்ல இருந்தால் பெட்டிக்குள் சீட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
மூத்த மருமகள்


ஜூன் 7

அக்காவுக்கு,

பெட்டி வந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை. உண்மையைச் சொன்னால் அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அன்று நான் பேசியது தப்பு. ஆனால் முதலில் ஆரம்பித்தது யார்? "பின்கட்டுல தூசி படிஞ்சு கிடக்குறத எவன் கம்ப்யூட்டர்ல வந்து வாங்குவான்?" என்று கேட்டது நீங்கள்தானே? அதற்கும் அந்த டிரைவர் சிரித்தான். யார் என்ன சொன்னாலும் சிரிக்கிற ஆள் போலிருக்கிறது.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நம் கடைச் சாமான்களை விற்க ஆரம்பித்திருக்கிற இந்த ஆன்லைன் கடைக்காக ஆபீசில் செப்டம்பர் முப்பது வரை சம்பளமில்லா விடுப்பு வாங்கியிருக்கிறேன். அதற்குள் கடைக்கு ஆள் வர ஆரம்பிக்காவிட்டால் திரும்பவும் காப்பீட்டு ஆபீசுக்கே போவதாக இவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே எட்டு வருடம் படிவத்தின் நான்காவது கட்டத்தில் முத்திரை குத்தினேன் அக்கா. "இதை எப்படிச் செய்யலாம்?" என்று ஒருநாள்கூட ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. அங்கே திரும்பிப் போக எனக்கு இஷ்டமே இல்லை.

நேற்று கடைப் பக்கத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். முதல் ஆள் நான், கம்ப்யூட்டரில். இரண்டாவதும் நான், செல்போனில். மூன்றாவது இவர், கோர்ட்டில் டைப் அடிக்கிற இடத்திலிருந்து. சாதாரணக் கடை என்றால் உட்கார்ந்து ஈ ஓட்டலாம். இதில் ஓட்டுவதற்கு ஈகூடக் கிடையாது. விளம்பர வாசகம் எழுதினேன், "சலுகை" என்று சிவப்பில் போட்டேன், ஒவ்வொரு சாமானையும் பூச்செடி பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். ம்ஹூம்.

செவ்வாய்க்கிழமை மட்டும் யாரோ ஒருவர் வழிதவறி வந்து இப்படி எழுதியிருந்தார்: "பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டை மேல இருக்குமே, கால்ல இடிக்குமே, அது இருக்கா?" என் பட்டியல் முழுக்கத் தேடினேன். அப்படி ஒரு சாமான் இல்லை. உங்களுக்குத் தெரியுமா? எழுத மனமிருந்தால் எழுதுங்கள்.

சின்னவள்


ஜூன் 14

சின்னவளுக்கு,

தெரியுமாவாம்! அது ஜாலி, ஓட்டைக்கு மேல் போடுகிற சல்லடை மூடி. அதிலும் நடுவில் மொட்டு வைத்த பழைய ஜாலி, அதுதான் காலில் இடிக்கும். ஆனால் அவருக்கு அதையே அனுப்பிவிடாதே. இடி வாங்கினவர்தான் இப்படிக் கேட்பார். அவருக்கு வேண்டியது தட்டை ஜாலி. இந்தப் பெட்டியில் ஒன்று வைத்திருக்கிறேன். அனுப்பிப் பார், இன்னும் இரண்டு கேட்பார், பார்த்துக்கொள்.

கடைக்கு வருகிற ஒருத்தரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. கையைச் சுற்றிக் காட்டுவார்கள். "க்ளக்"னு சத்தம் போட்டுக் காட்டுவார்கள். ஒருவர் தரையில் உட்கார்ந்து கதவு மாதிரியே ஆடிக் காட்டினார். அதையெல்லாம் பார்த்துச் சாமானை எடுத்து வைக்கிறதுதான் என் வேலை. பெயர் எனக்கு எதற்கு?

என் மகள் அவளுடைய போனில் உன் கடையைக் காட்டினாள். ஆக, வியாழக்கிழமை உனக்கு வந்த நாலாவது ஆள் நான்தான். ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பாய். குழாய் வாஷருக்குப் பக்கத்தில் பூச்செடி எதுக்குடி? வாஷருக்கு என்ன நிச்சயதார்த்தமா?

கோபம் இன்னும் போகவில்லை. வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

மூத்தவள்


ஜூன் 20

அக்கா,

அவர் இன்னும் மூன்று ஜாலி கேட்டார்! இரண்டு இல்லை, மூன்று. "என் கால் விரலைக் காப்பாத்திட்டீங்க" என்று எழுதியிருக்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குழாய் ஒழுகினால் நானே கம்ப்யூட்டரில் என்ன அடித்துத் தேடுவேன்? "குழாய் மூடியும் சொட்டுது என்ன செய்ய" என்றுதான் அடிப்பேன். நான் என்ன எழுதி வைத்திருக்கிறேன்? கம்பெனிக்காரன் வைத்த பெயரும் அளவும். ஆள் ஒரு தெருவில் தேடிக்கொண்டிருக்க, நான் இன்னொரு தெருவில் பூச்செடியோடு நிற்கிறேன்.

உங்களுக்குப் பெயர் தெரியாது என்று சொன்னேனே, அதற்காக இப்போது மனசார மன்னிப்புக் கேட்கிறேன். டிரைவர் முகவரி கிடைத்தால் அவனுக்கும் எழுதிப் போடுகிறேன்.

ஒரு உதவி. ஒவ்வொரு சாமானையும் ஆட்கள் எப்படிக் கேட்பார்கள், எதற்காகக் கேட்பார்கள் என்று எனக்கு எழுதுங்கள். எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள்.

உங்கள் சின்னவள்


ஜூலை 8

அடி சின்னவளே,

எப்படி வருகிறதோ அப்படியே எழுது என்று சொல்லிவிட்டாய். பிறகு கை வலிக்கிறது, கண் வலிக்கிறது என்று சொல்லக் கூடாது.

தொட்டிப் பந்து: "தண்ணி ரொம்புனா மேல வந்து நிறுத்துமே, அந்தப் பந்து" என்று கேட்பார்கள். இது கெட்டுப் போனால் என்ன ஆகும் என்று நம் வீட்டிலேயே பார்த்தோம். போன மாதம் தொட்டி வழிந்து மாடிப்படி எல்லாம் அருவி. மாமா வாளியோடு மொட்டை மாடியில் நின்று "யாருடா மோட்டாரை நிறுத்தாம போனது?" என்று கத்தினது மூன்று வீட்டுக்குக் கேட்டது. மோட்டார் போட்டது அவரேதான். யார் போய்ச் சொல்வது? எல்லோரும் துணி பிழிகிற மாதிரி குனிந்துகொண்டோம்.

நாற்காலிச் செருப்பு: "நாற்காலி காலுக்கு மாட்டுறது, கிறீச்சுனு சத்தம் வராம." மாமா சாப்பிட உட்கார்ந்தால் கீழ் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். படியில் என்னைப் பார்த்து "இன்னிக்கு மாமா ரெண்டாந்தரம் உட்கார்ந்தாப்ல இருக்கே?" என்கிறார்.

பீரோ காந்தம்: "கதவு தானா திறந்துக்காம பிடிச்சுக்கிறது." என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன பிறகு பிஸ்கட் டப்பா வேட்டிகளுக்குப் பின்னால் குடியேறிவிட்டது. காந்தம் தேய்ந்து போய், டாக்டர் வீட்டுக்கு வந்திருந்த அன்று பீரோ தானாகத் திறந்து காட்டிக்கொடுத்தது. டாக்டர் டப்பாவைத் திறந்தார். இரண்டு எடுத்துச் சாப்பிட்டார்.

இன்னும் பதினெட்டு சாமான் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எழுத எழுத எனக்கே சிரிப்பு. கல்லாவில் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து மாமா "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்.

சாமான் விவரத்தை மட்டும் எடுத்துக்கொள். வீட்டுக் கதையெல்லாம் உனக்கு, படித்துச் சிரிக்க. காதும் காதும் வைத்த மாதிரி இருக்கட்டும்.

அக்கா


ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல இவர் கோர்ட் மெஷினில் அடிப்பது போல வீட்டில் அடிக்கிறார். எனக்குக் கண்வலி, இரண்டு வாரமாகத் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. நீங்கள் ஜூலையிலிருந்து எழுதிய கடிதங்களில் சாமான் விவரத்தை மட்டும் பிரித்துப் பிரித்து நான் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்கே தினம் முப்பது பேர் வந்தார்கள். கண்வலி வந்ததும் மிச்ச வேலையை இவரிடம் கொடுத்துவிட்டேன். அடுப்புல பால வச்சீங்களா? சரி, சரி, இறக்கிட்டு வாங்க. இறக்கியாச்சா? அடிங்க.

அக்கா, நேற்று எத்தனை பேர் தெரியுமா? அறுநூற்று நாற்பது! சரியாத்தானே பாத்தீங்க? ஆறு, நாலு, பூஜ்யம். சரி. முந்தாநாள் ஐந்நூறு. வந்தவர்கள் ஒரு பக்கத்தோடு போகவில்லை, இருக்கிற எல்லாப் பக்கத்தையும் திறந்து பார்க்கிறார்களாம். ஒரு ஜாலியையும் ரப்பரையும் இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இவரிடம் கேட்டால், "நீ குடுத்ததத்தான் அடிச்சேன், ஒரு கமாகூட விடல" என்கிறார். அது எனக்குத் தெரியும். கோர்ட்டில் சாட்சி தும்மினால்கூட அடிக்கிறவர். ஐயோ, இதையெல்லாம் அடிக்காதீங்க. அடிச்சிட்டீங்களா?

எல்லாச் சாமானும் காலி. பந்து ஐம்பது, நாற்காலிச் செருப்பு இருநூறு அனுப்புங்கள். அக்கா, நான் ஆபீசுக்குப் போக வேண்டியிருக்காது போலிருக்கிறது! இந்த நிமிஷம் நீங்கள் பக்கத்தில் இருந்தால் கட்டிப் பிடித்துக்கொள்வேன். போதும், முடிச்சிடுங்க. அன்புடன் சின்னவள்னு போடுங்க. முத்தம்லாம் வேணாம், மாமா கையில கிடைச்சா சிரிப்பார்.


ஆகஸ்ட் 29

சின்னவளுக்கு,

மானம் கப்பலேறிவிட்டது.

இன்று காலை ஒரு பெண் கடைக்கு வந்தாள். முகம் தெரியாதவள். என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மாமாவைப் பார்த்து, "மோட்டார நீங்களே போட்டுட்டு, யாருடா நிறுத்தலன்னு கத்துன மாமா நீங்கதானே?" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லவேளை மாமாவுக்கு முழுசாகக் காதில் விழவில்லை. "மோட்டாரா? அது நம்மகிட்ட இல்லம்மா, அடுத்த தெருவுல கேளு" என்றார். அவள் போகிறபோது என் வீட்டுக்காரரிடம், "பிஸ்கட் இப்ப எங்க சார் வைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

மகள் போனை வாங்கிப் பார்த்தேன். முழுக் கடிதமும் இருக்கிறது. "அடி சின்னவளே"யிலிருந்து "காதும் காதும் வைத்த மாதிரி இருக்கட்டும்" வரைக்கும்! அதையும்கூட விடவில்லையே, பாவி மனுஷன்!

உன்னை நம்பி எழுதினேன். இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். நாளைக்கு மாமா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

வேறொன்றும் எழுத ஓடவில்லை.


செப்டம்பர் 3

அக்கா,

உங்கள் கடிதத்தை இவர் படித்துக் காட்டினார். பாதியில் நிறுத்திவிட்டார். இவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். "அப்படியே அடின்னு சொன்னியேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தப்பு இவருடையது இல்லை. பிரித்துக் கொடுக்காமல் கட்டோடு கொடுத்தது நான்.

அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரிதான். நேற்று வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஆறு பேர், "மாமா எங்கே?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். நான் பதில் போடவில்லை.

ஆபீசுக்குப் போன் செய்து அக்டோபர் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் இனிமேல் பெட்டி அனுப்ப வேண்டாம். இங்கே மிச்சமிருக்கிறதை நான் கட்டித் திருப்பி அனுப்புகிறேன்.

ஆபீஸ் போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கே எனக்கென்று வந்த கடிதங்கள் அவை. பெட்டியைப் பிரித்ததும் சாமானை எண்ணாமல் முதலில் உங்கள் கடிதத்தைத்தான் தேடுவேன். அதைத் தெருவில் போட்டுவிட்டேனே என்றுதான் ஆற மாட்டேன் என்கிறது. என்னை மன்னிக்க வேண்டாம். எழுதுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

சின்னவள்


செப்டம்பர் 19

சின்னவளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் நான் பேசாமல் இருந்தேன். பெட்டி கட்டுகிற நாள் வந்தால் கை தானாகச் சாமானை எடுக்கப் போகும். யாருக்கு எடுப்பது? மகள் சொன்னாள், "அம்மா, அந்தப் பக்கத்துக்குக் கீழ எவ்ளோ பேரு உன்ன மாதிரியே பேசுற ஆள் எங்க வீட்லயும் இருக்காங்கன்னு எழுதியிருந்தாங்க, படிச்சியா?" நான் எங்கே படித்தேன்? என் கோபத்தைத்தான் படித்தேன்.

நீ முத்திரை குத்தப் போகிறதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைக் கேட்காமல் கொழுந்தனாருக்குப் போன் போட்டு, எடுத்துவிட்ட பக்கங்களை அனுப்பச் சொன்னேன். கோர்ட் காகிதத்தில், பக்க எண் போட்டு, ஓரத்தில் நூல் கட்டி அனுப்பினார். கீழே "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்து வேறு!

நேற்று மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம். மாமா முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "மாமா, உங்களப் பத்தி நான் எழுதினது ஊரெல்லாம் படிச்சிருக்கு. என் வாயாலேயே படிச்சுக் காட்டிடறேன். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி" என்றேன். பந்திலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் படித்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். சிரிக்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

முடித்ததும், "வாளின்னு எழுதியிருக்க. வாளி இல்ல, குடம்" என்றார்.

"எத்தன பேரு படிச்சாங்க?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு அறுநூறு பேர் என்றேன். "அறுநூறா? நான் கடை தெறந்த நாள்லேர்ந்து ஒரு நாளும் அறுநூறு பேரு வந்ததில்லையேம்மா!" பிறகு ஏன் எடுத்தாள் என்று கேட்டார். நீ ஆபீஸ் போகிற விஷயம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நாம் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். அது அவருக்கு முதல் நாளே தெரியுமாம்! "ரெண்டு பேரும் போன்ல கத்தாம இருந்தீங்கன்னா சண்டைன்னுதானே அர்த்தம்" என்கிறார்.

கடைசியில் அவருடைய மனக்குறை என்ன தெரியுமா? "என்னப் பத்திப் பதினொண்ணு எழுதியிருக்க, பெரியவனப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான். அவன் பண்றதெல்லாம் எழுதினா ரெண்டு கடை நடத்தலாமே!" என் வீட்டுக்காரர் பின்கட்டுப் பக்கமாக எழுந்து போய்விட்டார்.

ஆகவே, எல்லாவற்றையும் திரும்பப் போடு. வாளியைக் குடம் என்று மாற்று. "அடி சின்னவளே" அப்படியே இருக்கட்டும். பெட்டியும் வருகிறது, பந்து எண்பது.

அக்கா


செப்டம்பர் 29

அக்கா,

போட்டுவிட்டேன். அன்று இருநூறு, மறுநாள் எழுநூறு. "மாமா வந்துட்டார்!" என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லி, அவள் தன் நாத்தனாருக்குச் சொல்லி, ஒரே கலகலப்பு. குடமா வாளியா என்று தனியாக ஒரு வாக்குவாதம் நடக்கிறது. இவர் ஒவ்வொரு பக்கத்தையும் உங்கள் கையெழுத்தோடு மூன்று தரம் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

இன்று ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை. எங்கள் அதிகாரி கடிதத்தை வாங்கி, காரணமாக நான் கடையின் பெயரை எழுதியிருந்த வரியை இரண்டு தரம் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தி, "அந்த மாமா கடை உங்களுதாம்மா? எங்க வீட்ல தினமும் சாப்பிடும்போது படிச்சுக் காட்டுறாங்க" என்றார். பிறகு தன் நாற்காலியைக் காட்டினார். அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ராஜினாமாக் கடித உறையின் மேலேயே எழுதிக்கொண்டேன். இதோ:

"உட்கார்ந்தா மெல்ல மெல்ல கீழ இறங்குதும்மா. மீட்டிங் ஆரம்பிக்கும்போது எல்லாருக்கும் மேல இருக்கேன். முடியறதுக்குள்ள தாடை மேசைக்கு வந்துடுது. எவனும் என்னை மதிக்க மாட்டேங்குறான்."

எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் ஒருவர் என்னை ஒன்று கேட்டார், அக்கா! நான் நிமிர்ந்து நின்று, "எங்க அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் விடுதலை. படியிறங்கும்போது யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு இரண்டிரண்டு படியாகக் குதித்தேன்.

அது என்ன சாமான்?

உங்கள் சின்னவள்


அக்டோபர் 4

அடி சின்னவளே,

அது நாற்காலிக்கு நடுவில் இருக்கிற குழல். உள்ளே இருக்கிற காற்று போய்விட்டது. புதுசு ஒன்று பெட்டியில் இருக்கிறது. பழையதைக் கழற்றும்போது உட்கார்ந்தபடி கழற்ற வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல், இப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்தபடிதான் கழற்றுவார்கள்.

உன் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்துதான் பிரித்தேன். நீ படியில் குதித்த இடம் வந்ததும் அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. இரண்டு வாடிக்கையாளர் நிற்கிறார்கள், ஒருவர் "க்ளக், க்ளக்" என்று எதையோ காட்டிக்கொண்டிருக்கிறார், நான் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறேன்.

மாமா நாற்காலியைக் கிறீச்சென்று தள்ளிக்கொண்டு எழுந்து வந்தார். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா, சந்தோஷம். சின்னவ வேலைய விட்டுட்டா" என்றேன்.

கிட்டே வந்து கடிதத்தை எட்டிப் பார்த்தார். பிறகு கல்லாப்பெட்டி மேல் கிடந்த பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதையும் எழுதிடு" என்றார்.

எழுதிவிட்டேன்.

அக்கா